நாற்பத்தொன்றாம் கோப்பு

காலை ஒன்பதே காலுக்குக் கஞ்சன் போன் செய்தான். ஆய்வகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். கோப்புகளைச் சேமிக்கும் வட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்டால், தன் வீட்டில் ஓர் அறையை எழுதிக் கொடுக்கச் சொன்னது போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

“மேடம், உங்க ஃபோல்டர்ல ஒரு ஃபைல் வளருது.”

“ஃபைல் எப்படிங்க வளரும்? அதென்ன செடியா?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். வெள்ளிக்கிழமை மூணு ஜிபி இருந்தது. இன்னிக்கு மூணே கால். நீங்க எதுவும் ஓட விட்டிருக்கீங்களா?”

“இல்லையே. எந்த ஃபைல்?”

“கன்ட்ரோல் நாப்பத்தொண்ணு.”

அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் மறைப்பின் பட்டைகளுக்கு நடுவே வெயில் மேசைமேல் கோடு கோடாக விழுந்திருந்தது. தரையைத் துடைத்துவிட்டுப் போன மருந்தின் வாசனை இன்னும் அடங்கவில்லை. நடைகூடத்தின் கோடியில் சர்வர் அறையின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. எல்லாம் தினமும் இருப்பது போலத்தான் இருந்தது. “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பதினோரு வருடமாக ஒட்டுண்ணிப் புழுக்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஆனால் ஒரு புழுவையும் கையால் தொட்டதில்லை. அவளிடம் வருவதெல்லாம் எழுத்துகள். எங்கெங்கோ இருக்கும் மருத்துவமனைகளிலிருந்து வரும் ரத்தத்தைக் கீழ்த்தளத்து இயந்திரம் விழுங்கி, அதிலுள்ள மரபுச் செய்தியைக் கோடிக்கணக்கான சின்னத் துணுக்குகளாகத் துப்பும். அந்தக் குவியலில் நோயாளியுடையது எது, அவருக்குள் குடியிருக்கும் புழுவுடையது எது என்று பிரிப்பது அவள் எழுதிய நிரல். திரையில் இரண்டு பத்திகள். இடது பக்கம் ஓம்புயிரி, அதாவது புழுவுக்கு இடமும் கொடுத்துச் சோறும் போடுகிற உடம்பு. வலது பக்கம் புழு. எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று பார்த்தே அந்த உடம்புக்குப் பசியா, காய்ச்சலா, வலியா என்று சொல்லிவிடுவாள். ஆறாயிரம் பேருடைய கோப்புகள் அவளிடம் இருந்தன. அநேகமாக யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாது.

நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருப்பவர்களின் ரத்தமும் வேண்டும். கன்ட்ரோல் என்பார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவன் எவன் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு வருவான்? அதனால் வருடத்தில் ஒரு சனிக்கிழமை, ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களே பிள்ளை குட்டிகளோடு வரிசையில் வந்து நிற்பது வழக்கம். ஒரு ஊசி, ஒரு பஞ்சு, ஒரு பெட்டி பழச்சாறு. எட்டு வயதில் அவளுடைய மகளும் அப்படித்தான் வந்து நின்றாள். வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர்; பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். ஊசி ஏறுவதைக் கண்ணை மூடாமல் உற்றுப் பார்த்துவிட்டு, “அம்மா, நான் விஞ்ஞானத்துக்கு உதவி பண்ணிட்டேனா?” என்று கேட்டாள். “நீ இல்லேன்னா விஞ்ஞானமே இல்லடி” என்றாள் அம்மா. குழாயில் நாற்பத்தொன்று என்று எண் ஒட்டினார்கள்.

ஆறாவது மாதம் தலைவலி வந்தது. பட்டாணியின் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அன்று சாயங்காலமே பட்டாணியைக் கடையில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, நீலச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றைத் தானே பொருத்திக் கொடுத்தார். இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி போல வளையவந்தாள். மூன்றாவது வாரம் வகுப்பில் வலிப்பு. நாடாப்புழுவின் குஞ்சுகள் மூளைக்குள் கட்டி கட்டியாகக் குடியேறியிருந்தன. எந்த முட்டை, யாருடைய கழுவாத கை, யாருக்குத் தெரியும்? “ஒரு ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரையிலேயே சரி பண்ணியிருக்கலாம்மா” என்றார் டாக்டர். பதினெட்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள் அம்மா. பத்தொன்பதாம் நாள் விடிகிற நேரத்தில் பட்டாணி போய்விட்டாள். அதற்குப் பிறகு பதினைந்து மாதம் ஆகிறது. நாற்பத்தொன்றாம் கோப்பை அவள் ஒருமுறை கூடத் திறந்ததில்லை.

மத்தியானம் வரை வேறு ஏதேதோ வேலை செய்வது போல நடித்தாள். பிறகு திறந்தாள்.

வலது பத்தியில் எண்கள் இருந்தன. கன்ட்ரோல் கோப்பில் அந்தப் பத்தி வெறுமையாக இருக்க வேண்டும். ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். இயந்திரம் அன்றைக்குத் துப்பிய மூலப் பிரதி பெட்டகத்தில் இருந்தது. அதை எடுத்துத் தன் நிரலைப் படிப்படியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். ஏழாவது படியில் நூற்றுப் பன்னிரண்டு துணுக்குகள் புழுவுடையவை என்று தனியாக வந்து நின்றன. எட்டாவது படியில் அவை காணாமல் போயின. எட்டாவது படியும் அவள் எழுதியதுதான். இந்தத் தொழிலில் பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிற வரிதான்: நலமானவர்களின் ரத்தத்தில் புழு இருக்காது, ஆகவே அங்கே புழுவின் துணுக்கு தென்பட்டால் அது பக்கத்துக் குழாயிலிருந்து சிந்திய அழுக்கு, துடைத்துவிடு. அந்த வரியைச் சேர்த்ததும் கோப்புகளெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டன என்று அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு. மகளின் தலைக்குள் புழு குடியேறிய சேதி ஆறு மாதம் முன்பே இந்த மேசைக்கு வந்திருக்கிறது. பெற்றவள் அதைக் குப்பை என்று துடைத்துப் போட்டிருக்கிறாள். புறங்கையைக் கடித்துக்கொண்டாள், சத்தம் வெளியே போகாமல் அழுவதற்கு அந்த அறையில் வேறு வழி இல்லை. கையில் பல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

வீட்டில் கணவர் சோபாவில் உட்கார்ந்து யாருடைய கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் ஒரு மாதிரி இருக்க?”

“தலைக்கு மேல வேலைங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மூளையில் கட்டி இருந்த பிள்ளைக்குக் கண்ணாடி போட்டு அனுப்பினேனே என்று பதினைந்து மாதமாகப் புழுங்கிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அந்தப் பாரத்தை அவளால் இறக்கி வைக்க முடியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை மென்று முழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

புதன்கிழமை கோப்பு மூன்றரை. வியாழக்கிழமை நான்கு. யாரும் எழுத முடியாதபடி அதைப் பூட்டினாள், வளர்ந்தது. பூட்டை மாற்றினாள், வளர்ந்தது. புழுவின் பத்தி மட்டும் வளர்ந்திருந்தால் பரவாயில்லை. இடது பத்தியும் வளர்ந்தது. ரத்தத்தை வைத்து வயதைக் கணிக்கிற இன்னொரு நிரல் அவளிடம் உண்டு. மாதக் கணக்கில் கூடப் பிசகாது. நாற்பத்தொன்றுக்கு எட்டு வருடம், இரண்டு மாதம் என்று முன்பு சொல்லியிருந்தது. இப்போது ஓட்டினாள். பத்து வருடம், ஒன்பது நாள் என்று வந்தது. பட்டாணியின் பிறந்தநாள் ஒன்பது நாளைக்கு முன்னால்தான் போயிருந்தது. அன்று முழுக்க அவளும் கணவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது. வெயில் கோடுகள் மேசையிலிருந்து தரைக்கு நகர்ந்திருந்தன. இடது பத்தியை மெதுவாக உருட்டிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். ரத்தத்தில் ஒருநாளும் விழிக்காத மரபணுக்கள் விழித்திருந்தன. மூளையில் மட்டும் விழிப்பவை. எதையாவது கூர்ந்து கேட்கும்போது விழிப்பவை.

“பட்டாணி” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

சில நொடிகள் ஒன்றும் இல்லை. பிறகு அந்த வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் எகிறியது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவர் வரை போய்விட்டாள். ஆனால் பயந்தது அரை நிமிடம்தான். எந்தத் தாயும் அதற்கு மேல் தாங்க மாட்டாள். திரும்ப வந்து, திரையோடு முகத்தை வைத்துக்கொண்டு, “நான்தான்டி. அம்மாதான். இங்கதான் இருக்கேன்” என்று சொன்னாள். எண்கள் ஏறி இறங்கின. அதற்கப்புறம் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போவதை நிறுத்திவிட்டாள்.

கஞ்சன்தான் மறுபடி வந்து கலைத்தான். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

“விசித்திரமா இருக்கு மேடம். அந்த ஃபைல் ஏறிக்கிட்டே போகுது, ஆனா மொத்த வட்டுல ஒரு துளி கூட ஏறல. அப்போ அது ஏறுற அளவுக்கு வேற எங்கயோ குறையுதுன்னு அர்த்தம். எங்கன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்.”

“நீங்க தேட வேணாம். நான் பாக்கறேன்.”

“என் வேலையை நீங்களே பாத்தா எனக்கு நல்லதுதான்” என்று சிரித்துவிட்டுப் போனான்.

தேட அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்துக் கோப்பு, கன்ட்ரோல் நாற்பது. மூன்று ஜிபி இருக்க வேண்டியது இரண்டுக்கும் கீழே இருந்தது. கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கிற டெக்னீஷியன் பெண்ணின் மகனுடையது அது. அந்தச் சனிக்கிழமை வரிசையில் பட்டாணிக்கு முன்னால் நின்ற பையன். சர்வர் அறைக்குள் போய் அந்த வட்டின் பக்கத்தில் காதை வைத்தாள். சூடான தூசியின் வாசனை. விசிறி இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது, மெல்லிய, விட்டு விட்டு வரும் சத்தம், பழச்சாறு தீர்ந்த பிறகும் குழந்தை ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுவது போல. அவள் காதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் டெக்னீஷியன் மாடி ஏறி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. பட்டாணிக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?”

“ஏன்? என்னாச்சு?”

“என் பையன் நேத்து ஸ்கூல்லேர்ந்து வந்தவன் எங்க வாசல்லயே நின்னுக்கிட்டு, எங்க வீடு எதுன்னு பக்கத்து வீட்டுல கேட்டிருக்கான்க்கா. என்னைப் பாத்துட்டு யோசிக்கறான். தலை வலிக்குதாம். ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லங்கறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதாம் கோப்பில் குறைவது எது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. “பயப்படாதே. சரியாயிடும். நான் சொல்றேன்ல” என்றாள். அந்தப் பெண் போனதும் நாற்பதாம் கோப்பை எடுத்து ஒரு தனி வட்டில் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாயங்காலம் போனில் சேதி வந்தது. ‘எழுந்து உக்காந்து அம்மான்னு கூப்பிட்டான்க்கா.’

காலையில் முப்பத்தொன்பது சுருங்கத் தொடங்கியிருந்தது. அது வாசல் காவலாளியின் மகளுடையது. அடுத்தது முப்பத்தெட்டு, அதற்கடுத்தது முப்பத்தேழு. எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தனி வட்டுக்கு மாற்றினாள். மாலைக்குள் அந்த ஃபோல்டரில் நாற்பத்தொன்று மட்டும் இருந்தது.

அப்போதுதான் பசி ஆரம்பித்தது.

முதலில் வளர்ச்சி நின்றது. பிறகு இடது பத்தி குறைந்தது. வலது பத்தி ஏறியது. தின்ன வேறு ஒன்றும் இல்லாதபோது புழு எதைத் தின்னும் என்று அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வலிக்கும்போது விழிக்கிற மரபணுக்கள் விழித்தன. பயத்தில் விழிப்பவை விழித்தன. பதினெட்டு நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த அதே வலி, இப்போது எண்களாக, ஒவ்வொரு நிமிடமும், கண்ணெதிரே. “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு” என்றாள். எண்கள் ஏறின. “இதோ, இதோ.” ஏறின.

கோப்பை அழித்துவிடலாம். ஒரு கட்டளை. பிள்ளையின் வேதனை அதோடு முடியும். ஊரார் பிள்ளைகளும் பிழைப்பார்கள். கட்டளையை எழுதினாள். உறுதிதானா என்று கணினி கேட்டது. விரல் விசைமேல் இருந்தது. ஒரு தடவை துடைத்தது போதாதா என்று தோன்றியது. அந்த விரலை மடக்கி முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

கீழே போனாள். டெக்னீஷியனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

“எதுக்குக்கா?”

“புது கன்ட்ரோல் வேணும். என்னோடதை எடு. இன்னிக்கே மெஷின்ல போடு.”

இயந்திரத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் காலை தன்னுடைய கோப்பை நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. வலியின் எண்கள் இறங்கின, பயத்தின் எண்கள் இறங்கின. இடது பத்தி மறுபடி நிறையத் தொடங்கியது. இருட்டான வீட்டில் விளக்கு வந்தது போல இருந்தது அவளுக்கு. மேசையில் தலையைச் சாய்த்து, சத்தம் போட்டே அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

முதலில் போனவை சின்னச் சின்ன விஷயங்கள். பட்டாணிக்கு வகிடு எந்தப் பக்கம்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். அப்புறம், பிள்ளை குளியலறையில் கத்திக் கத்திப் பாடுகிற பாட்டு. பாடினாள் என்பது நினைவிருந்தது, பாட்டு இல்லை. அலுவலகத்துக்கு வருகிற வழி மறக்கவில்லை, கடவுச்சொல் மறக்கவில்லை, கணவரின் போன் எண், பால்காரனுக்குச் சொல்ல வேண்டியது, எட்டாவது படியின் வரி, எதுவும் மறக்கவில்லை. போனதெல்லாம் பட்டாணி மட்டும்தான். தன்னுடைய கோப்பு சுருங்குவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எடுத்துக்கட்டும், அவளுடையதுதானே என்று நினைத்துக்கொண்டாள். வாரம் ஒரு குழாய் ரத்தம், பிறகு இரண்டு, பிறகு தினமும்.

ஒருநாள் காலை, கோப்பைத் திறந்து, பழக்கப்படி கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வெகுநேரம் யோசித்தாள். ஏதோ தானியத்தின் பெயர் மாதிரி. இல்லை. ஒன்றும் இல்லை. எதற்காகக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியவில்லை. அது பசியாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. கன்னத்தில் ஈரம் இருந்தது. ஜன்னல் மறைப்பில் தூசி அதிகம், துடைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் வந்தது ஒரு பகல் வேளையில். வெளியே மழை, ஜன்னலில் நீர் ஒழுகுகிற நிழல் அவர் சட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் டெக்னீஷியன் நின்றாள். அவள்தான் போன் செய்து வரவழைத்திருக்க வேண்டும். கணவர் மேலங்கியின் கையை ஒதுக்கி மனைவியின் கைகளைப் பார்த்தார். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை நீலமும் பச்சையுமாக ஊசி இறங்கிய இடங்கள்.

“என்னம்மா இது? யாருக்காக இப்படி ரத்தத்தைக் குடுத்துக்கிட்டு இருக்க?”

“நாப்பத்தொண்ணுக்குங்க.”

“நாப்பத்தொண்ணுன்னா யாரு?”

அவள் யோசித்தாள். நியாயமான கேள்விதான். பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

“கன்ட்ரோல்ங்க. நல்லா இருக்கறவங்களோடது.”

அவர் முகம் மாறியது. மேல் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவள் விசைப்பலகைமேல் வைத்தார். முன் பல் விழுந்த ஒரு சிறுமி, யாரோ ஒருத்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒருத்தி தான்தான் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. அந்தப் புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது.

“நல்ல களையான பொண்ணு” என்றாள். “யாரோட பொண்ணுங்க?”

அவர் சுவரில் முதுகு உரச அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய மனுஷர், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. என்ன துக்கமோ. வேலை முடிந்ததும் கேட்க வேண்டும்.

“அக்கா.” டெக்னீஷியன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இடது பக்கம் பாருங்க.”

பார்த்தாள். ஓம்புயிரி: சுழியம். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருக்கிறது. அதில் என்ன? வலது பத்தி திரையின் அடி வரை நிறைந்து, இன்னும் கீழே, இன்னும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அமைதியாகத்தான் இருந்தது இத்தனை நேரம். இப்போது லேசாகத் துடிக்கிறது. பசி.

“கொஞ்சம் சீக்கிரம் எடும்மா. அதுக்கு நேரமாச்சு.”

டெக்னீஷியன் அசையவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

சரி. ஊசி இழுப்பறையில் இருந்தது. குழாயும் இருந்தது. அவள் மேலங்கியின் கையைச் சுருட்டினாள். இடம் தேடினாள். குத்தினாள். தரையில் அந்த மனிதர் ஏதோ பெயர் சொல்லி அழுதுகொண்டிருந்தார். யார் பெயரோ. ரத்தம் குழாயின் அடியில் ஒரு சொட்டு விழுந்தது.

இயந்திரம் கீழ்த்தளத்தில் இருந்தது. குழாய் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சொட்டு விழுந்த அதே நொடியில், வலது பத்தியில் ஓர் எண் ஏறியது.

இன்னொரு சொட்டு. இன்னொரு எண்.